மறு: "ஃப்ளாஷ் ரஸ்ட்" – தமிழில் பூந்துரு எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

காப்பில்லாத இரும்பு ஈரமானதும் சட்டென்று மேலே படரும் மெல்லிய துருதான் ஃப்ளாஷ் ரஸ்ட். நம் சொற்பட்டியலுக்காக அதற்குத் தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். குழுவில் ஐயா முன்வைத்த ‘மின்னல்துரு’, அதற்கு முன் வந்த ‘திடீர்த்துரு’, ‘மறுதுரு’ மூன்றுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தத் துருவைப் போன ஆடி மாதம் கண்ணெதிரே பார்த்தேன். பார்த்ததைச் சொன்னால்தான் சொல் எங்கிருந்து வந்தது என்பது விளங்கும்.

அப்பாவின் அம்பாசடர் நாகர்கோவில் வீட்டில் மூன்று வருடமாக ஓடாமல் நின்றது. அடியில் கொஞ்சம் பெட்ரோல் கிடந்து கெட்டு, டேங்க் முழுக்கத் துரு. ஃபில்டர் மாற்றினால் பத்து கிலோமீட்டரில் மறுபடி அடைத்துக்கொள்ளும். டேங்கைக் கழற்றி, தெரிந்த ரேடியேட்டர் பட்டறைக்குக் கொண்டுபோனேன். காலி டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து என்பது அங்கே முதல் பாடம். பெட்ரோல் ஆவி உள்ளே நிற்கும், ஒரு பொறி போதும். அதனால் மேஸ்திரி அண்ணாச்சி முதலில் சோப்புத் தண்ணீர் விட்டு மூன்று முறை அலசினார். பிறகு பழைய சைக்கிள் செயினையும் ஒரு கை நட்டுகளையும் உள்ளே போட்டு, இரண்டு பேர் பிடித்துக் குலுக்கினோம். செதில் செதிலாக வந்து விழுந்தது.

மிச்சத்துக்கு எலுமிச்சை உப்பு, அதாவது கடையில் விற்கும் சிட்ரிக் ஆசிட். இருபது லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ கணக்கில் கரைத்து, டேங்க் நிறைய ஊற்றி ராத்திரி முழுக்க விட்டோம். ஐம்பது லிட்டருக்கு மேல் கொள்ளும் டேங்க், எலுமிச்சை உப்பே இரண்டரைக் கிலோவுக்கு மேல் போயிற்று. மறுநாள் காலையில் திறந்துவிட்டதும் கட்டன் காப்பி நிறத்தில் கொட்டியது. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் சுத்தமான இரும்பு. ஆப்பசோடா கரைத்த தண்ணீரால் புளிப்பை முறித்து, கிணற்றுத் தண்ணீரால் அலசிக் கவிழ்த்தோம்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. கம்ப்ரசர் ஓடவில்லை. வெளியே சாரல். கால் மணி நேரம் கழித்து மறுபடி டார்ச் அடித்தேன். சாம்பல் நிறம் காணோம். அடி முழுக்க, பக்கச் சுவரில் தண்ணீர் வழிந்த தடம் முழுக்க, மஞ்சளும் காவியும் கலந்த ஒரு பொடி. குச்சியில் வெள்ளைத் துணி சுற்றி உள்ளே விட்டுத் தடவினேன். தாழம்பூவைத் தொட்ட விரல்போலத் துணி நிறம் மாறி வந்தது, துடைத்த இடத்தில் கீழே இரும்பு அப்படியே இருந்தது. ஒரு ராத்திரி வேலை வீண் என்று எனக்கு நெஞ்சு அடைத்தது. மேஸ்திரி பதறவில்லை.

"தொடச்சுப் பாத்தேல்லா மக்களே, கையோட வந்துரும். இது பூத்ததாக்கும், பிடிச்சதில்ல. பிடிக்கதுக்கு முன்ன காரியத்த முடிக்கணும்."

பூத்தது, பிடித்தது. நாம் இரண்டு வாரமாகத் தேடிக்கொண்டிருந்த வேறுபாட்டை அவர் இரண்டு வினையில் சொல்லிவிட்டார்.

ஏன் இப்படி ஆகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமிலம் துருவைத் தின்று முடித்ததும் இரும்புக்கு மேல் எந்தக் காப்பும் கிடையாது. அதன்மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கிறது. படலம் மெல்லியது என்பதால் காற்றிலுள்ள ஆக்சிஜன் அதைக் கடந்து இரும்பை எளிதில் எட்டுகிறது. தண்ணீரில் உப்பு இருந்தால் வேகம் இன்னும் கூடும். எங்கள் குமரி மாவட்டம் புத்தளத்தில் உப்பளம் வைத்திருக்கும் கடற்கரை மாவட்டம், கரையோரக் கிணறுகள் பலவற்றிலும் தண்ணீர் கரிக்கும். இரண்டு பருவமழையும் பெய்வதால் காற்றில் ஈரத்துக்கும் பஞ்சமில்லை. அலசிய உடனே உலர்த்தாவிட்டால் இங்கே பூக்காமல் இருக்காது.

இனி சொற்களுக்கு வருகிறேன்.

> ஃப்ளாஷ் என்றால் மின்னல்தானே, மின்னல்துரு என்றால் பொருந்துமே.

ஐயா, அந்தச் சொல்லில் வேகம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் துருவைப் பற்றிய எழுத்தில் ‘மின்’ என்ற முன்னொட்டுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. இரண்டு வேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் நடக்கும் அரிப்பை மின்வேதி அரிப்பில் ஒரு வகை என்கிறோம். பக்கத்திலேயே மின்னல்துரு என்று வந்தால், மாணவன் அதையும் மின்சாரத்தால் வருவது என்றே படிப்பான்.

> மறுதுரு – ஒருமுறை நீக்கியபின் மறுபடி வருவதால்.

இந்தச் சொல்லில் எனக்கும் ஆசை உண்டு. மறு என்றால் கறை என்றும் பொருள் வருவது அழகு. ஆனால் துருவே ஏறாத புதுத் தகட்டில் தண்ணீரில் கரைந்த பெயின்ட்டை நேரடியாக அடித்தாலும், காயும் முன் இதே துரு வரும். அங்கே ‘மறு’ எங்கிருந்து வந்தது? திடீர்த்துருவில் பிழை இல்லை. ஆனால் அந்தச் சொல் எப்போது என்று மட்டும் சொல்கிறது, எப்படி இருக்கும் என்று சொல்வதில்லை. பட்டறையில் நிற்பவனுக்கு வேண்டியது இரண்டாவதுதான். துணியால் துடைத்தால் போகிற துருவா, மறுபடி அமிலம் ஊற்ற வேண்டிய துருவா என்று அவன் அங்கேயே முடிவெடுத்தாக வேண்டும்.

நம் மொழியில் ‘பூத்தல்’ என்ற வினை எங்கெல்லாம் வருகிறது என்று பாருங்கள். சுவரில் உப்புப் பூக்கும். ஊறுகாயில் பூசணம் பூக்கும். கங்கின்மேல் நீறு பூக்கும். யாரும் வைக்காமல் தானாக வந்து, மேற்பரப்பில் மட்டும் மெல்லிசாகப் படர்ந்து, ஊதினாலோ துடைத்தாலோ போய்விடுவது எதுவோ அதற்குத்தான் இந்த வினை. நீறு பூத்த நெருப்பில் நீற்றை ஊதினால் கங்கு அப்படியே இருக்கிறது. டேங்குக்குள் நான் பார்த்ததும் அதுதான்.

ஆகவே என் பரிந்துரை பூந்துரு. பூத்துருவா பூந்துருவா என்று தங்கை ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். பூவுக்குப் பின் வல்லினமும் மிகலாம், இன மெல்லினமும் தோன்றலாம் என்று நன்னூல் இடம் தருகிறது, பூக்கொடி, பூங்கொடிபோல. பூத்துரு என்று எழுதினால் ‘பூத்து’ என்று பிரித்துப் படிக்க வாய்ப்பு உண்டு, அதனால் பூந்துருவே நல்லது. வினையாக வரும்போது ‘துரு பூத்தது’ என்றாலே போதும். அலசும் நீரில் கலக்கும் மருந்துக்குப் பூந்துருத் தடுப்பான். நீர்ப்பீச்சால், அதாவது தண்ணீரை அழுத்தத்தோடு பீச்சியடித்து, சுத்தம் செய்த இரும்புக்கான ஐஎஸ்ஓ 8501-4 தரநிலை இதை மூன்று படியாகப் பிரிக்கிறது. முதல் இரண்டுக்கும் இளம்பூந்துரு, நடுப்பூந்துரு என்று வைக்கலாம். மூன்றாவதற்குக் ‘கடும்பூந்துரு’ என்றால் ஓசை இடிக்கிறது. யாராவது நல்லதாகச் சொல்லுங்கள்.

பூ என்ற மங்கலமான சொல்லைத் துருவுக்கு வைப்பதா என்ற வருத்தம் சிலருக்கு வரலாம். பூசணத்துக்கு வைத்திருக்கிறோமே.

டேங்குக்குக் கலனா தொட்டியா என்ற கேள்வியை இப்போது இழுக்க வேண்டாம். அகராதியில் எரிபொருள் கலன் இருக்கட்டும், பட்டறையில் டேங்க் டேங்காகவே இருக்கட்டும்.

அன்று எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். கரண்ட் வந்ததும் நீர்த்த பாஸ்பாரிக் ஆசிட்டை உள்ளே சுழற்றினார் மேஸ்திரி. அது பூத்ததைக் கரைத்து, இரும்பின்மேல் மெல்லிய பாஸ்பேட் படலத்தை விட்டுச்செல்லும். அதற்குமேல் தண்ணீரே காட்டவில்லை. நன்றாக வடித்து, கம்ப்ரசர் காற்றை அரை மணி நேரம் விட்டு, உடனே இரண்டு லிட்டர் பெட்ரோலில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் கலந்து எல்லாப் பக்கமும் படும்படி உருட்டினார். இப்போது பம்பில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால், அது ஈரத்தை இழுக்கும். இரும்பு டேங்க் வைத்திருப்பவர்கள் வண்டியை மாதக்கணக்கில் அரை டேங்கோடு நிறுத்தாதீர்கள்.

ஒரு விண்ணப்பம். மார்த்தாண்டம் பக்கம் துருவையே ‘துரும்பு’ என்பவர்கள் இருக்கிறார்கள். குளச்சல், தேங்காப்பட்டணத்தில் வள்ளத்து இன்ஜின் பார்ப்பவர்களுக்கு உப்புக்காற்றில் இது தினப்படி விஷயம், அவர்களிடம் இதற்கு இன்னும் பழகிய பெயர் இருக்கக்கூடும். ஞாயிற்றுக்கிழமை குளச்சல் போகிறேன். கேட்டுவிட்டு எழுதுகிறேன். அதுவரை சொற்பட்டியலில் இந்த இடத்தைக் காலியாகவே விட்டுவையுங்கள்.