எறிகணைத் துண்டுகள் நிறைந்த வளவில் புதைத்த நகையை மெட்டல் டிடெக்டர் பிரித்துக் காட்டுமா?

கேள்வி: கிணற்றடி வளவு (விசுவமடு)

வணக்கம். 2009 தை மாதம் விசுவமட்டிலுள்ள எங்கள் வீட்டை விட்டு இடம்பெயர்ந்தபோது, அம்மா தன்னுடைய தாலிக்கொடியையும் காப்புகளையும் கிணற்றடிக்கும் வேலிக்கும் இடைப்பட்ட நிலத்தில் புதைத்துவிட்டு வந்தார். மீளக் குடியேறியபோது வேலியும் இல்லை, அடையாளத்துக்கு நின்ற முருங்கையும் இல்லை. காணியை ஆய்வு செய்து கண்ணிவெடி ஆபத்து இல்லையென்று கையளித்திருக்கிறார்கள். ஆனாலும் மண்வெட்டி விழும் இடமெல்லாம் எறிகணைச் சிதறலும் ரவைக்கோதும் தகரத் துண்டும் வந்துகொண்டே இருக்கின்றன. ஸ்கேனர் வைத்திருக்கும் ஒருவர், தன் கருவி தங்கத்துக்கு மட்டுமே ஒலிக்கும், இரும்பைக் கண்டுகொள்ளாது என்று உறுதிகூறிப் பெருந்தொகை கேட்கிறார். அப்படியொரு கருவி இருக்க முடியுமா? அம்மாவுக்கு வயதாகிவிட்டது. அந்தக் கொடியை அவர் கையில் கொடுக்க வேண்டும் என்பது என் பெரிய விருப்பம்.

மறுமொழி: பௌதிகவியல் ஆசிரியர் (வவுனியா)

தங்கத்துக்கு மட்டும் ஒலிக்கும் கருவி எங்கும் இல்லை. முற்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.

கருவியின் தலையிலுள்ள கம்பிச்சுருள் செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை திசை மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதனுள் சுழிப்போட்டங்கள் (வட்டமாகச் சுற்றும் மின்னோட்டங்கள்) தோன்றி, அவை தமக்கென ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்கும். அதை இன்னொரு சுருள் வாங்கிக்கொள்கிறது. அனுப்பிய அலைக்கும் திரும்பி வந்த அலைக்கும் இடையே எவ்வளவு அவத்தை வித்தியாசம் (ஓர் அலை மற்றதிலும் எவ்வளவு பிந்துகிறது என்ற அளவு) இருக்கிறது என்பதைத்தான் கருவி அளந்து, பல வகைகளில் 0 முதல் 99 வரையான ஓர் எண்ணாகத் திரையில் காட்டுகிறது. இரும்பு காந்தத் தன்மை உடையது என்பதால் அதன் சமிக்ஞை பெரும்பாலும் எண்வரிசையின் அடியில் ஒதுங்கும். தடித்த வெள்ளியும் செம்பும் சுழிப்போட்டத்தை நெடுநேரம் தாங்குவதால் உச்சியில் நிற்கும். தங்க நகையோ நடுவில் விழும், அலுமினியமும் அதே நடுவில்தான் விழும்.

இதற்குக் காரணம், அந்த எண் உலோகத்தின் பெயரைச் சொல்வதில்லை என்பதே. மின் கடத்துதிறன், பருமன், தடிப்பு, வடிவம் ஆகிய எல்லாம் சேர்ந்த ஒரே விளைவுதான் அந்த எண். தூய தங்கம் நல்ல கடத்தி. ஆனால் 22 கரட் நகையில் செம்பும் வெள்ளியும் கலந்திருப்பதால் அதன் கடத்துதிறன் தூய தங்கத்தின் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஆகவே மெல்லிய மோதிரமும் சோடாப் பேணியைத் திறக்கும் அலுமினிய வளையமும் ஒரே எண்ணைக் காட்டக்கூடும். சங்கிலியின் நிலை இன்னும் மோசம்: கண்ணிகள் ஒன்றையொன்று இறுகத் தொடாததால் சுழிப்போட்டம் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் தனித்தனியே சுற்றுகிறது, எத்தனை பவுண் சங்கிலியானாலும் கருவி அதை ஒரு சிறு துணுக்கு என்றே எண்ணும். மூடிய வளையமான காப்பு இதற்கு நேரெதிர். அது மிகத் தெளிவாக ஒலிக்கும்.

இரும்பை ஒதுக்கும் வசதி பல கருவிகளில் இருப்பது உண்மைதான். ஆனால் தங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு எறிகணைத் துண்டு கிடந்தால், இரும்பை ஒதுக்கும்போது தங்கமும் சேர்ந்தே மறைந்துபோகலாம். நகையை எதற்குள் வைத்துப் புதைத்தார்கள் என்று அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் முக்கியம்.

மறுமொழி: முகமாலையில் வேலை செய்தவள்

கண்ணிவெடி அகற்றும் பணியில் இருந்தவள் என்ற முறையில், தம்பிக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். நாங்கள் பயன்படுத்திய கருவிகளில் எந்த உலோகத்தையும் ஒதுக்குவதற்கு இடமில்லை. வன்னியில் புதைக்கப்பட்ட மிதிவெடிகள் பலவற்றின் உடல் பிளாஸ்டிக்; உள்ளே இருக்கும் உலோகம் மிகச் சொற்பம். அதன் ஒலிக்கும் ஒரு சிகரெட் பெட்டித் தாளின் ஒலிக்கும் வித்தியாசம் காண முடியாது. அதனால் ஒலித்த ஒவ்வொன்றையும், அது ஆணியாகவே இருக்கட்டும், குப்பை என்று முடிவுகட்டாமல், சற்றுத் தள்ளியிருந்து தொடங்கிப் பக்கவாட்டாக மண்ணை மெல்லச் சுரண்டி, கண்ணால் கண்ட பிறகுதான் அடுத்த அடிக்கு நகர்வோம். நாள் முழுவதும் முழங்காலில் இருந்து எடுப்பதில் பெரும்பகுதி சிதறல்தான். அதற்காக எவரும் ஓர் ஒலியைத் தாண்டிப் போனதில்லை.

ஆய்வு செய்து விடுவித்த காணி என்றால், அங்குலம் அங்குலமாகத் தோண்டிப் பார்த்த காணி என்று பொருளாகாது. பெரிய ஒலி வந்த இடத்தில் மண்வெட்டியை ஓங்கிப் போடாதீர்கள். வாலுள்ள எறிகணை, உருண்டையான பொருள், எதுவென்று தெரியாத பிளாஸ்டிக் மூடி, இவற்றில் எது தெரிந்தாலும் கை வைக்காமல் இடத்தை அடையாளப்படுத்திவிட்டு, கிராம அலுவலருக்கோ பொலிஸுக்கோ அறிவியுங்கள். 119 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

மறுமொழி: ஒட்டுசுட்டான் வாசகர்

சட்டப் பக்கத்தையும் பாருங்கள். வெளியார் ஒருவர் ஸ்கேனரோடு வந்து இரவில் தோண்டினால், அது புதையல் தோண்டல் என்றே பொலிஸாரால் பார்க்கப்படும். தொல்பொருள் தேடி அனுமதியின்றித் தோண்டுவது 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். சொந்தக் காணி, சொந்த நகை என்றாலும், காணி உறுதியைக் காட்டிப் பொலிஸ் நிலையத்தில் முன்கூட்டியே எழுத்தில் அறிவித்துவிட்டுப் பகலில் தேடுவதே பாதுகாப்பு.

மறுமொழி: கிணற்றடி வளவு

எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் கேட்டேன். குழந்தைப் பால்மா வந்த பேணிக்குள், துணியில் சுற்றி வைத்து, மூடியை அழுத்தி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்ததாகச் சொல்கிறார்.

மறுமொழி: பௌதிகவியல் ஆசிரியர் (வவுனியா)

அப்படியானால் தேடலையே மாற்ற வேண்டும். பால்மாப் பேணி என்பது வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடு. கருவிக்கு முதலில் தெரிவது அந்தப் பேணிதான், உள்ளே இருக்கும் தங்கம் அல்ல. இரும்பை ஒதுக்கிவிட்டுத் தேடினால் அம்மாவின் நகையையே ஒதுக்கிவிட வாய்ப்பிருக்கிறது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு: அகன்ற தகரமும் துருவேறிய பேணியும் சில வேளைகளில் எண்வரிசையின் அடியில் நிற்காமல், வெள்ளியைப் போல உச்சிக்குத் தாவி மயக்கும். ஆகவே உங்கள் தேடலில் எண்ணை நம்பாதீர்கள், பருமனை நம்புங்கள்.

ஆழமும் உங்களுக்குப் பேணியால் சாதகமாகிறது. சிறு பொருளிலிருந்து திரும்பும் சமிக்ஞை தூரத்தின் ஏறத்தாழ ஆறாம் அடுக்குக்கு நேர்மாறாகக் குறைவதால், தனி மோதிரம் முழங்கை ஆழத்தில் கிடந்தால் சாதாரணக் கருவிக்கு எட்டாது; பேணியளவு இரும்பு எட்டக்கூடும். பெரிய சுருள் பொருத்திய கருவி, சிறு துணுக்குகளுக்கு அவ்வளவாகக் கூசாமல், ஆழத்திலுள்ள பெரிய பொருளைக் காட்டும். உங்கள் பகுதியில் கிரவல் மண் என்றால் அதிலுள்ள இரும்புக் கனிமமும் ஒலி எழுப்பும் என்பதால், தொடங்குமுன் மண்ணின் ஒலி அடங்கும்படி கருவியை அந்த நிலத்துக்கே சமப்படுத்திக்கொள்ள வேண்டும்.

முதலில் மேல்மண்ணிலுள்ள சிதறல்களை, அக்கா சொன்ன எச்சரிக்கையோடு, ஒவ்வொன்றாக எடுத்து அப்புறப்படுத்துங்கள்; மேலே கிடக்கும் இரும்பு கீழே உள்ளதை மறைத்துவிடும். பிறகு அதே அளவான பழைய பேணி ஒன்றுக்குள் ஒரு காப்பை இட்டு, ஆபத்தில்லை என்று உறுதியான ஓர் இடத்தில் முழங்கை ஆழத்தில் புதைத்து, அதன் மேல் கருவியைக் கொண்டு செல்லுங்கள். ஒலி எவ்வளவு அகலத்துக்கு நீடிக்கிறது, கருவியின் தலையை உயர்த்தும்போது எந்த உயரத்தில் மறைகிறது என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கிணற்றடியில் தேட வேண்டியது அந்த அகலமான ஒலியைத்தான். கிணற்றுக் கட்டிலிருந்து வேலியின் பழைய எல்லை வரை கயிறு கட்டி, ஒரு சாண் அகலக் கோடுகளாகப் பிரித்து, ஒரு கோடும் விடுபடாமல் நடந்து பாருங்கள்.