அடியில் கிடக்கும் ஆப்ஜெக்ட்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

அச்சுக்காரன்_சிவகாசி

டிசைன் ஃபைலில் ஒன்றின் அடியில் ஒளிந்து கிடக்கும் ஆப்ஜெக்ட் (எழுத்து, படம், கட்டம் என எந்தத் துண்டும்) செய்த வேலை இது. கல்யாணப் பத்திரிகை. வேறொரு கடையில் டிசைன் செய்து, பிடிஎஃப் ஆக எங்களிடம் அச்சுக்கு வந்தது. திரையில் பார்த்தால் எந்தக் குறையும் இல்லை. பிளேட் (அச்சுத் தகடு) போட்டு முதல் தாளை இழுத்தோம். மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பெயர், ஒன்றின் மேல் ஒன்று, எழுத்தும் எழுத்தும் பின்னிக்கொண்டு கிடக்கிறது.

பெண்ணின் அப்பா மிஷின் பக்கத்திலேயே நின்றிருந்தார். தாளை என் கையிலிருந்து வாங்கினார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணுக்கு அருகே கொண்டுபோய், அடியில் இருந்த பெயரை மெதுவாக எழுத்துக்கூட்டிப் படித்தார். "இது யாருங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

டிசைன் மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில் திறந்து கண்ட்ரோல் ஒய் அழுத்தி, கோடுகள் மட்டும் தெரியும் அவுட்லைன் காட்சியில் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பழைய பத்திரிகை ஒன்றின் மேல் ஒரு வெள்ளைக் கட்டம். அதன் மேல் புதுப் பெயர். பழைய பெயரை யாரும் அழிக்கவே இல்லை. அந்த வெள்ளைக் கட்டத்தில் ஓவர்பிரிண்ட் டிக் ஆகியிருக்கிறது. முன்பு கறுப்பாக இருந்த கட்டமாக இருக்கும், நிறத்தை மாற்றினாலும் அந்த டிக் போகாது. வெள்ளைக்கு மை கிடையாது. ஓவர்பிரிண்ட் என்றால் கீழே உள்ளதை வெட்டி எடுக்காதே என்று பொருள். மையும் இல்லை, வெட்டும் இல்லை என்றால் அந்தக் கட்டம் பிளேட்டில் இருந்தும் இல்லாததுதான். திரையில் மட்டும் அது மறைக்கும்.

தாள் ஒன்றோடு நிறுத்திவிட்டோம், சரி. ஆனால் அந்த மனிதர் அந்தப் பெயரைப் படித்த விதம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. இதுபோல வேறு யாருக்காவது நடந்திருக்கிறதா?

ஸ்டிக்கர்_கண்ணன்

எங்களுக்கு அடியில் இருப்பது பெயர் இல்லை, அதே எழுத்துதான். கோரல் டிசைன் மென்பொருளில் கீபோர்டின் வலது ஓரத்தில் இருக்கும் பிளஸ் கீயைத் தட்டினால், எடுத்த ஆப்ஜெக்ட்டின் நகல் துளிகூட நகராமல் அதே இடத்தில் உட்காரும். திரையில் ஒன்றாகத்தான் தெரியும். ஸ்டிக்கர் வெட்டும் மிஷினான பிளாட்டருக்கு அது இரண்டு.

வேன் கண்ணாடிக்கு "முருகன் துணை" வந்திருந்தது. வாடிக்கையாளரே கொண்டுவந்த ஃபைல். "மு" முடிந்ததும் பிளேடு திரும்பவும் "மு"வின் தொடக்கத்துக்கே போனது. வினைலையும் தாண்டி அடித்தாளை அறுத்துவிட்டது. டேப் போட்டுத் தூக்கும்போது எழுத்தோடு சேர்ந்து தாளும் கிழிந்து வந்தது. அன்றிலிருந்து எந்த ஃபைல் வந்தாலும் எல்லாவற்றையும் செலக்ட் செய்து, கீழே ஸ்டேட்டஸ் பாரில் எத்தனை ஆப்ஜெக்ட் என்று பார்த்த பிறகுதான் மிஷினுக்கு அனுப்புவது. ஆறு எழுத்துக்குப் பன்னிரண்டு காட்டினால் அங்கேயே பிடித்துவிடலாம்.

பக்க_வடிவமைப்பாளர்

சிவகாசி நண்பருக்கு: தவறு ஓவர்பிரிண்டில் இல்லை. பழையதை அழிக்காமல் மேலே கட்டம் போட்டு மூடும் பழக்கத்தில்தான் இருக்கிறது. எனக்கும் ஒருமுறை ஒரு விளம்பரத்தில், மூடி வைத்த பழைய விலை பிடிஎஃபில் காப்பி செய்யும்போது வெளியே வந்தது. வாசகர் ஒருவர் அதை எடுத்து அனுப்பியிருந்தார்.

எல்லோரும் இதைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஃபைலைத் தொடங்கும்போதே லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த தனித்தனித் தாள் போன்ற அடுக்கு) பிரித்துவிடுங்கள். கீழே பின்னணி, அதற்கு மேல் படம், அப்புறம் பார்டர், எல்லாவற்றுக்கும் மேலே எழுத்து. பின்னணியைப் பூட்டிவிடுங்கள். அதைச் செய்தால் பாதித் தொல்லை குறையும். முன்னால் கொண்டுவரும் கட்டளை எதுவரை செல்லும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கோரலில் ஷிப்ட் பேஜ்அப் அழுத்தினால் அந்த ஆப்ஜெக்ட் இருக்கும் லேயரின் உச்சிக்குத்தான் போகும், பக்கத்தின் உச்சிக்கு கண்ட்ரோல் ஹோம். பக்கத்தின் அடிக்கு கண்ட்ரோல் எண்ட். ஒரே ஒரு படி ஏற்ற கண்ட்ரோல் பேஜ்அப், இறக்க கண்ட்ரோல் பேஜ்டவுன். இல்லஸ்ட்ரேட்டரில் கண்ட்ரோல் ஷிப்டோடு சதுர அடைப்புக்குறி, அதுவும் அந்த லேயருக்குள் மட்டும். பார்டர் மேல் லேயரில் இருக்கும்போது பிள்ளையார் படத்தை எத்தனை முறை மேலே ஏற்றினாலும் அவர் வளைவுக்குப் பின்னால்தான் இருப்பார். பிடிஎஃபைக் கொடுக்கும் முன் அக்ரோபாட்டில் அவுட்புட் பிரிவ்யூவைத் திறந்து ஓவர்பிரிண்ட் காட்சியில் பாருங்கள். இது எதுவும் ஐந்து நிமிட வேலைக்கு மேல் இல்லை.

அச்சுக்காரன்_சிவகாசி

சார், அந்த ஃபைலை நான் செய்யவில்லை. அச்சுக்கு வந்த ஃபைல்.

ஃப்ளெக்ஸ்_மதுரை

பக்க வடிவமைப்பாளர் சாருக்கு வணக்கம். லேயர் எல்லாம் மாத இதழ் செய்பவர்களுக்கு நன்றாக இருக்கும். எங்கள் கடையில் சாயங்காலம் ஆறு மணிக்குப் படம் வாட்ஸ்அப்பில் வரும், ராத்திரி பத்து மணிக்குப் பேனர் கம்பத்தில் ஏற வேண்டும். இன்னொன்றும் சொல்கிறேன். கோரலில் வெவ்வேறு லேயரில் இருப்பதைச் சேர்த்து கண்ட்ரோல் ஜி அழுத்தி ஒரே குரூப்பாகக் கட்டிப் பாருங்கள், எல்லாம் ஒரே லேயருக்கு வந்துவிடும். நீங்கள் பிரித்து வைத்ததைப் பக்கத்துச் சீட்டில் இருக்கும் தம்பி ஒரே குரூப்பில் கலைத்துவிடுவான். குரூப்பைப் பிரித்தாலும் அவை பழைய லேயருக்குத் திரும்பாது.

என் அனுபவம் வேறு மாதிரி. கட்சிப் பேனர். நடுவில் தலைவர், இரண்டு பக்கமும் நிர்வாகிகள், வரிசையாகக் கட் செய்து வைத்த படங்கள். பார்க்க வந்த ஒருவர் சைஸைப் பார்க்கவில்லை, பெயரைப் பார்க்கவில்லை. மானிட்டரில் விரலை வைத்து, "தம்பி, மாவட்டத்தோட தோளு ஒன்றியத்தோட தோளுக்குப் பின்னாடி போகுது" என்றார். அரை அங்குலம் இருக்கும். அதை மாற்றாமல் பிரிண்ட் போகாது என்று அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மாவட்டத்தை கண்ட்ரோல் பிடித்துக் கிளிக் செய்து மேலே ஏற்றினேன், அசையவில்லை. குரூப்புக்குள் இருக்கும் ஆப்ஜெக்ட் அந்தக் குரூப்புக்குள் மட்டும்தான் ஏறி இறங்கும். இடது பக்கத்தார் ஒரு குரூப், வலது பக்கத்தார் இன்னொரு குரூப். குரூப்பையே ஏற்றினால் கடைசியில் நிற்கும் இளைஞர் அணிக்காரர் தலைவர் கைமேல் வந்து நிற்கிறார். கடைசியில் எல்லாவற்றையும் அன்குரூப் செய்து, ஆர்டர் மெனுவில் "இன் ஃப்ரண்ட் ஆஃப்" எடுத்தேன். கறுப்பு அம்புக்குறி வரும், யாருக்கு முன்னால் வைக்க வேண்டுமோ அவரைக் கிளிக் செய்ய வேண்டும். ஒவ்வொரு தோளாக அவர் சொல்லச் சொல்ல அப்படியே அடுக்கினேன். எங்களுக்கு அடுக்கு என்பது மனிதர்களின் முன்பின். அதை எந்த லேயர் பெயரிலும் எழுதி வைக்க முடியாது.

அலைன்மென்ட்டும் அப்படித்தான். ஷிப்ட் பிடித்து ஒவ்வொன்றாக எடுத்தால், கடைசியாக எடுத்ததை வைத்துத்தான் மற்றவை வரிசையாகும். அதனால் தலைவரைக் கடைசியில் கிளிக் செய்த பிறகுதான் பி கீயைத் தட்டுவேன், எல்லார் காலும் அவர் காலோடு ஒரே கோட்டில் நிற்கும்.

பக்க_வடிவமைப்பாளர்

குரூப் செய்தால் லேயர் கலையும் என்பது உண்மைதான், ஏற்றுக்கொள்கிறேன். அதற்காக லேயரே வேண்டாம் என்பது சரியில்லை. பத்து மணிக்கு ஏறும் பேனரிலும் பின்னணியை மட்டுமாவது தனியாகப் பூட்டலாமே.

உயிரியல்_டீச்சர்

நான் அச்சுத் தொழிலில் இல்லை. பத்தாம் வகுப்புக்கு இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் இதயத்தின் படம் வரைந்தேன். அதில் மாட்டிக்கொண்ட ஓரிடத்தை இங்கே எழுதத் தோன்றுகிறது.

நுரையீரல் தமனியின் தண்டு, பெருந்தமனிக்கு முன்னால் கிளம்புகிறது. அதிலிருந்து பிரியும் வலது கிளையோ பெருந்தமனிக்குப் பின்னால் நுழைந்து வலது நுரையீரலுக்குப் போகிறது. ஒரே குழாய், ஓரிடத்தில் முன்னால், இன்னோரிடத்தில் பின்னால். பேஜ்அப் அழுத்தினால் முழுக் குழாயும் முன்னால் வருகிறது, பேஜ்டவுன் அழுத்தினால் முழுவதும் பின்னால் போகிறது. இங்க்ஸ்கேப் சேமிக்கும் எஸ்விஜி ஃபைலில் முதலில் எழுதியதை முதலில் வரையும், அடுத்ததை அதன் மேல் வரையும். ஒரு வடிவத்துக்கு ஓர் இடம்தான். பல பயிற்சிப் புத்தகங்களில் இந்தக் கிளை பெருந்தமனியின் மேலேயே ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். ஏன் அப்படி வருகிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பிள்ளைகள் அதையே பார்த்து அப்படியே வரைகிறார்கள், அதுதான் உறுத்துகிறது.

செய்தது இதுதான். தமனி முழுவதையும் பெருந்தமனிக்குப் பின்னால் அனுப்பினேன். கண்ட்ரோல் டி அழுத்தி அதன் நகலை எடுத்தேன், இங்க்ஸ்கேப்பில் நகல் அதே இடத்தில் மேலே உட்காரும். தண்டு முன்னால் தெரிய வேண்டிய பகுதியை மட்டும் சுற்றி ஒரு வடிவம் வரைந்து, இரண்டும் மேல்படியும் பகுதி மட்டும் மிஞ்ச, நகலோடு சேர்த்து இன்டர்செக்‌ஷன் கொடுத்தேன். மிஞ்சிய துண்டை ஹோம் கீயால் உச்சிக்கு ஏற்றினேன். அந்தத் துண்டுக்குச் சுற்றுக்கோடு இருந்தால் ஒட்டுப்போட்டது தெரியும், கோட்டை எடுத்துவிட வேண்டும்.

இன்னொரு விஷயம், இங்க்ஸ்கேப்பில் பேஜ்அப் ஒரு படி என்றால், தன்னோடு மேல்படியும் ஆப்ஜெக்ட்டைத்தான் தாண்டும். தொடாமல் தள்ளி இருப்பவற்றை எண்ணாது. ஒன்றால் இன்னொன்றை வெட்டும் டிஃபரன்ஸ் கொடுக்கும்போதும் அடுக்குதான் தீர்மானிக்கும்: மேலே இருப்பது கத்தி, கீழே இருப்பது வெட்டுப்படும்.

ஸ்டிக்கர்_கண்ணன்

டீச்சர், அடியில் இருப்பதை எப்படி எடுக்கிறீர்கள்? கோரலில் ஆல்ட் பிடித்துக் கிளிக் செய்தால் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும்.

உயிரியல்_டீச்சர்

இங்கேயும் ஆல்ட் கிளிக்தான். ஆனால் என் லினக்ஸில் ஆல்ட் பிடித்து இழுத்தால் ஜன்னலே நகர்கிறது. அதனால் டேப் கீ. அடியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போகும். ஷிப்ட் டேப் மேலிருந்து கீழே.

டிடிபி_செல்வி

பிரோஷர் ஒன்று. போன் நம்பரின் முதல் பாதி மெல்லிசாகவும், பின்பாதி தடித்தும் அச்சாகி வந்திருந்தது. எழுத்துரு ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். தொட்டுப் பார்த்தால்கூட வித்தியாசம் தெரிவதுபோல இருந்தது. ஃபைலில் பார்த்தால் பக்கத்தில் இருந்த படத்தின் நிழல் அந்தப் பின்பாதியின் மேல் படிந்திருக்கிறது. கண்ணுக்கே தெரியாத அளவு நிழல், ஆனால் அடுக்கில் எழுத்துக்கு மேலே. அச்சகம் கேட்டது பிடிஎஃப் எக்ஸ்-1ஏ என்ற அச்சுக்கான பிடிஎஃப் வகை, அதில் டிரான்ஸ்பரன்சி (அடியில் இருப்பது ஊடே தெரிவது) இருக்கக்கூடாது. அதனால் நிழலைத் தட்டையாக்கும்போது அது தொட்ட எழுத்தையும் படமாக்கிவிட்டது. போன் நம்பரை நிழலுக்கு மேலே ஏற்றி மறுபடி எக்ஸ்போர்ட் செய்தேன், எல்லா எண்ணும் ஒரே தடிமனில் வந்தது. அச்சகம் டிரான்ஸ்பரன்சியை ஏற்கும் எக்ஸ்-4 வகையை வாங்குமானால் நிழலைத் தட்டையாக்காமலே அனுப்பலாம், முதலில் அவர்களிடம் கேட்டுவிடுங்கள்.