ஜாவா பழக்கத்தோட பிஎச்பி எழுதறேன், வழி சொல்லுங்க

வணக்கம்ங்க. பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறையில இருந்து எழுதறேன். எங்க ஊர் பால் சொசைட்டிக்கு பிஎச்பிங்கற புரோகிராம் மொழியில கணக்கு புரோகிராம் பண்றேன். காலேஜ்ல படிச்சது ஜாவாங்கற இன்னொரு மொழி.

2004ல வந்த பிஎச்பி 5ல பிரைவேட், இன்டர்ஃபேஸ், அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ், எக்செப்ஷன் எல்லாம் ஜாவா சாயல்லயே இருக்கு. அதை நம்பி எழுதினேன். லிட்டர் மட்டும் வாங்கற 'விலை', லிட்டரோட கொழுப்பளவும் வாங்கற 'விலை'ன்னு ஒரே பேர்ல ரெண்டு மெத்தட் வச்சேன். ஜாவா இதை விடும், பிஎச்பி விடலை.

அடுத்தது சிங்கிள்டன், அதாவது ஒரு கிளாஸுக்கு ஒரே ஒரு ஆப்ஜெக்ட் மட்டும் வச்சுக்கற முறை. ஜாவா சர்வர்ல ஒருதரம் உருவாக்கினா, சர்வர் ஓடற வரைக்கும் இருக்கும். பிஎச்பியில வழக்கமா ஒவ்வொரு ரிக்வெஸ்ட் முடிஞ்சதும் ஆப்ஜெக்ட் எல்லாம் போயிடுது. ரேட் சார்ட்டை அதுல வச்சுட்டு அடுத்த பக்கத்துல தேடி ஒரு ராத்திரி பூரா உக்காந்திருந்தேன். இப்ப டேட்டாபேஸ்ல இருக்கு.

இப்ப மாட்டிக்கிட்டது டிரெய்ட், அதாவது பல கிளாஸுக்குப் பொதுவான மெத்தட்டை ஒரே இடத்துல எழுதி, வேணுங்கற கிளாஸ்ல சேர்த்துக்கற வசதி. 2012ல பிஎச்பி 5.4ல வந்தது, ஜாவாவுல இந்தப் பேர்ல ஒண்ணு இல்லை. பசும்பால், எருமைப்பால் ரெண்டு கிளாஸுக்கும் ரசீது அச்சடிக்கற வேலை பொது. அதை டிரெய்டா வைக்கறதா, தனி கிளாஸா எழுதி அதோட ஆப்ஜெக்டை அந்த ரெண்டுக்கும் உள்ளே அனுப்பறதா? எனக்குத் தனி கிளாஸ்தான் சரின்னு படுது. டிரெய்ட்ல மெத்தட் எங்கிருந்து வந்துச்சுன்னு படிக்கறவங்களுக்குச் சட்டுன்னு தெரியறதில்லை. எனக்கப்புறம் செக்ரட்டரியோட பொண்ணுதான் இதைப் பார்த்துக்கப் போகுது, அது இப்பத்தான் கத்துக்குது.

டிரெய்ட் போட்ட கோடை நாலஞ்சு வருஷம் பராமரிச்ச அண்ணன்மாரு, அக்காமாரு யாராவது இருந்தா, எங்க இடிச்சுதுன்னு சொல்லுங்க.