பி.எட். முதல் பணி ஆணை வரை: எங்கெங்கே கால் இடறுகிறது?

(இணையக் குழு உரையாடல். ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

கரும்பலகை:

டிகிரி முடித்துவிட்டு வாத்தியார் வேலைக்குப் போக நினைக்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “பி.எட். முடித்தால் போதுமா?” வக்கீலுக்கு பார் கவுன்சில், டாக்டருக்கு மெடிக்கல் கவுன்சில் என்று இருப்பதுபோல நம்மூரில் ஆசிரியருக்குத் தனி உரிமம் எதுவும் கிடையாது. எந்தப் பாடத்தில் டிகிரி, எந்தப் பாடத்தில் பி.எட்., டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வில் எந்தத் தாள், இந்த மூன்றும் ஒத்துப்போனால் அதுதான் உரிமம். அரசுப் பள்ளி என்றால் அதற்கும் மேலே டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) நடத்தும் போட்டித் தேர்வு ஒன்று. மூன்றையும் தனித்தனியாகப் பாஸ் செய்துவிட்டு, ஒன்றுக்கொன்று ஒட்டாமல் நிற்கிறவர்களைச் சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் பார்க்கலாம்.

சேர்க்கையில் கவனிக்க வேண்டியவை இவை. தமிழ்நாட்டில் பி.எட். சேர டிகிரியில் குறைந்தபட்சம் பொதுப்பிரிவுக்கு 50 சதவீதம், பி.சி. 45, எம்.பி.சி. 43, எஸ்.சி., எஸ்.டி. 40. 49.8 வைத்துக்கொண்டு 50 ஆக்கித் தரச் சொன்னால் நடக்காது. பிளஸ் டூ முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராக டிகிரி வாங்கியவர்களுக்கு வழியில்லை. பத்து, அதன்மேல் இரண்டு, அதன்மேல் மூன்று என்ற வரிசை வேண்டும். காமர்ஸ், எகனாமிக்ஸ், ஹோம் சயின்ஸ் போன்ற பாடங்களுக்கு வெறும் பி.காம்., பி.ஏ. போதாது, பி.ஜி. முடித்திருக்க வேண்டும். பி.காம். முடித்த கையோடு கல்லூரிக்குப் போய் விண்ணப்பம் கேட்கிறவர்கள் ஒவ்வொரு ஜூனிலும் இருக்கிறார்கள்.

அடுத்த பொறி, “கரஸில் பி.எட். போட்டுவிடலாம், வேலைக்கும் போகலாம்” என்பது. 2014 என்.சி.டி.இ. (தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்) விதிகளின்படி தொலைநிலை பி.எட். என்பது ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும். புதிதாக டிகிரி முடித்தவர் ரெகுலரில்தான் படிக்க வேண்டும். அந்த விதிகள் வந்தபின் 2015-16 முதல் படிப்பும் இரண்டு வருடம். ஒரு வருட பி.எட். முடித்த அண்ணன்களிடம் யோசனை கேட்டால் பழைய கணக்கைத்தான் சொல்வார்கள்.

ரெக்கார்டு நோட்டு:

சேர்ந்த பிறகு நடப்பதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, அதனால் நான் கொஞ்சம் நீட்டுகிறேன்.

வருகைப்பதிவு இரண்டு வகை. கல்லூரி வகுப்புகளுக்கு 80 சதவீதம், பள்ளி இன்டர்ன்ஷிப்புக்கு 90. இன்டர்ன்ஷிப் மொத்தம் 20 வாரம். முதல் வருடம் 4, இரண்டாம் வருடம் 16. அந்தப் பதினாறு வாரத்துக்குள் காலாண்டுத் தேர்வு, விடுமுறை, மழை லீவு எல்லாம் வந்து விழும். ஆகவே பள்ளிக்குள் நுழைந்த முதல் வாரத்திலேயே கைடு டீச்சரிடம் அந்த வகுப்பின் போர்ஷனைக் கேட்டு, எந்தெந்தப் பாடம் நமக்கு என்று குறித்து வாங்கிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் அவர் நடத்தி முடித்த பாடத்தையே திரும்ப நடத்த வேண்டி வரும். பிள்ளைகள் பதிலை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள், வகுப்பு பத்து நிமிடத்தில் காலி.

பள்ளிக்குப் போகும் முன் மைக்ரோ டீச்சிங், அதாவது ஒரே ஒரு கற்பித்தல் திறனைச் சில நிமிடம் நடத்திப் பழகுவது. ஒரு திறனுக்கு ஒரு சுற்று: 6 நிமிடம் நடத்தல், 6 நிமிடம் பின்னூட்டம், 12 நிமிடம் திட்டத்தைத் திருத்தல், 6 நிமிடம் மறுபடி நடத்தல், 6 நிமிடம் மறுபடி பின்னூட்டம். ஆக 36 நிமிடம். இதில் பலரும் விழுங்கிவிடுவது அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை. திருத்தாமலே மறுபடி நடத்தினால் அதே தவறு அதே இடத்தில் வரும். வினா கேட்கும் திறனில் வழக்கமான தவறு, முதலில் ஒரு பெயரைச் சொல்லிவிட்டு வினா கேட்பது. பெயர் காதில் விழுந்ததும் மற்ற 39 பேரும் நிம்மதியாகிவிடுவார்கள். முதலில் வினா, இரண்டு மூன்று விநாடி இடைவெளி, அப்புறம் பெயர்.

பாடத்திட்டம் (லெசன் பிளான்) எழுதும்போது நோக்கங்களில் “புரிந்துகொள்வர்”, “அறிந்துகொள்வர்” என்று எழுதினால் மேற்பார்வைக்கு வருகிறவர் சிவப்பு மையில் சுழிப்பார், சுழிப்பதும் நியாயம். புரிந்ததை எப்படிப் பார்ப்பது? “சமதள ஆடிக்கும் கோள ஆடிக்கும் உள்ள வேறுபாட்டைக் கூறுவர்”, “படுகோணம் 30 டிகிரி என்றால் மீள்கோணத்தைச் சொல்வர்” என்று கண்ணால் பார்க்கக்கூடிய வினைச்சொல்லில் முடிய வேண்டும். நாற்பது நிமிட பீரியடுக்கு இரண்டு மூன்று நோக்கம் போதும். ஏழு எழுதி இரண்டை முடிப்பதால் யாருக்கும் பயனில்லை.

கைடு டீச்சர் கையெழுத்து வகுப்புக்கு முன் வாங்க வேண்டியது. கடைசி வாரத்தில் முப்பது திட்டத்தையும் அடுக்கிக்கொண்டு போய் நின்றால் தேதி குழம்பும். ஞாயிற்றுக்கிழமை தேதி போட்ட பாடத்திட்டம், காலாண்டு விடுமுறையில் “நடத்திய” வகுப்பு, இதெல்லாம் செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வருகிறவர் கண்ணில்தான் முதலில் படும். பள்ளி நாட்காட்டியை ஒரு நகல் எடுத்து ரெக்கார்டின் முதல் பக்கத்திலேயே ஒட்டிவைப்பது நல்லது.

நடத்திய பாடத்துக்கு வைக்கும் அடைவுத் தேர்வின் ரெக்கார்டில், ஒவ்வொரு வினாவும் எப்படிப்பட்டது என்று கணக்கிடும் உருப்படி பகுப்பாய்வு எல்லோரையும் பயமுறுத்தும். கணக்கு எளிது. நாற்பது பிள்ளைகளின் விடைத்தாளை மதிப்பெண் வரிசையில் அடுக்கி, மேலே 27 சதவீதம், கீழே 27 சதவீதம் எடுங்கள்; அதாவது 11 பேர், 11 பேர். ஒரு வினாவுக்கு மேல் குழுவில் 9 பேரும் கீழ்க்குழுவில் 4 பேரும் சரியாக எழுதியிருந்தால், கடினக் குறியீடு 13-ஐ 22-ஆல் வகுக்க 0.59. பிரித்தறி குறியீடு, 9-இலிருந்து 4 போக 5, அதை 11-ஆல் வகுக்க 0.45. நல்ல வினா. கீழ்க்குழு அதிகம் சரியாக எழுதி மைனஸில் வந்தால் பிள்ளைகளைக் குறைசொல்வதற்கு முன் விடைக்குறிப்பைப் பாருங்கள். விடையே தப்பாக இருக்கும், அல்லது வினா இரண்டு அர்த்தம் தரும். பக்கத்து பெஞ்ச் ரெக்கார்டிலிருந்து எண்களை அப்படியே எடுத்து எழுதுகிறவர்கள் வைவாவில் “இந்த மைனஸ் ஏன் வந்தது?” என்ற ஒரே கேள்வியில் மாட்டுவார்கள்.

கிராஸ்மேஜர்:

கரும்பலகை சொன்ன “ஒட்டாமல் நிற்பது” பற்றி. டிகிரி பெயரில் ஒரு சொல் கூடுதலாக இருந்தாலே தலைவலிதான். பி.எஸ்சி. இயற்பியல் என்று நேராக இருந்தால் கேள்வியே இல்லை. அப்ளைடு, இண்டஸ்ட்ரியல், வித் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன் என்று வால் முளைத்த டிகிரி என்றால், அது மூலப் பாடத்துக்கு இணை என்று தமிழக அரசு அரசாணை போட்டிருக்க வேண்டும். பி.எட். கல்லூரியில் சேர்த்துக்கொண்டார்கள் என்பதே இணைத்தன்மைக்குச் சான்று ஆகாது. சேர்ப்பது ஒரு இடம், வேலைக்கு எடுப்பது இன்னொரு இடம். இரண்டுக்கும் அளவுகோல் வேறு.

செய்ய வேண்டியது: பி.எட். கட்டணம் கட்டுவதற்கு முன்பே, உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரும் பட்டத்தின் முழுப்பெயரும் எழுத்துப் பிசகாமல் இருக்கிற இணைத்தன்மை அரசாணையைத் தேடி எண், தேதியோடு நகலெடுத்து வையுங்கள். வேறு பல்கலைக்கழகத்தின் அதே பெயர்ப் பட்டத்துக்குப் போட்ட ஆணை உங்களுக்குக் கைகொடுக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். ஆணை இல்லையென்றால் உங்கள் பல்கலைக்கழகம் வழியாக சிலபஸ் நகலோடு கேட்க வேண்டும். அது மாதக்கணக்கில் இழுக்கும் வேலை. தேர்வு அறிவிக்கை வந்தபிறகு ஆரம்பித்தால் கைக்கு வராது.

வேப்பமரத்தடி:

ஒரு சின்னத் திருத்தம். டிகிரி, பி.எட்., டெட் தாள் மூன்றும் ஒத்துப்போக வேண்டும் என்று கரும்பலகை சொன்னார், எந்த வகுப்புக்கு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பி.எட். வைத்து ஒன்று முதல் ஐந்து வரை இடைநிலை ஆசிரியராக முடியாது. 2018-இல் என்.சி.டி.இ. அதற்குக் கதவு திறந்தது. 2023 ஆகஸ்ட் 11-இல் உச்ச நீதிமன்றம் அடைத்துவிட்டது. தொடக்க வகுப்புக்கு டி.எல்.எட். பட்டயம்தான். “ரெண்டு தாளும் எழுதி வைப்போமே” என்று பி.எட். பிள்ளைகளிடம் தொடக்க வகுப்புக்கான டெட் முதல் தாளுக்கும் சேர்த்து கோச்சிங் கட்டணம் வாங்குகிற இடங்கள் இன்னும் இருக்கின்றன.

தொண்ணூறு:

டெட் இரண்டாம் தாள் 150 வினா, 150 மதிப்பெண், நெகட்டிவ் கிடையாது. குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, மொழி 30, ஆங்கிலம் 30, மீதி 60 பாடம். அந்த அறுபதில்தான் விஷயம். கணக்கு, அறிவியல் மேஜர் எல்லோருக்கும் கணிதமும் அறிவியலும் சேர்ந்தே வரும். விலங்கியல் படித்தவருக்கு வாய்ப்பாடும் வடிவியலும் தேவை. கணக்கு படித்தவருக்குப் பூக்களின் பாகம் தேவை. வரலாறு, புவியியல் பக்கம் உள்ளவர்களுக்கு சமூக அறிவியல். தமிழ், ஆங்கில மேஜர் இரண்டில் எதையும் எடுக்கலாம், விண்ணப்பத்தில் டிக் செய்ததை அப்புறம் மாற்ற முடியாது.

வினா ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்துதான். ஆனால் கடினம் மேல்நிலை வரை போகலாம் என்று என்.சி.டி.இ. வழிகாட்டியே சொல்கிறது. எட்டாம் வகுப்புப் புத்தகத்தோடு நிறுத்தினால் அறிவியலில் மாட்டுவது அதனால்தான். அந்தத் தலைப்பு பதினொன்று, பன்னிரண்டில் எங்கே தொடர்கிறதோ அந்தப் பக்கங்களை மட்டும் கூடப் படியுங்கள்.

நேரம் 3 மணி. 2012 ஜூலையில் நடந்த முதல் தேர்வுக்கு ஒன்றரை மணிதான் கொடுத்தார்கள். அந்த முடிவைப் பார்த்துவிட்டுத்தான் அதே அக்டோபரில் மூன்று மணி ஆக்கினார்கள். பொதுப்பிரிவுக்குத் தேர்ச்சி 60 சதவீதம், 90. இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு 2014-இல் 5 சதவீதம் தளர்த்தி 82 ஆனது. தளர்வு அரசாணையைப் பொறுத்தது என்பதால் அந்தந்த ஆண்டு அறிவிக்கையைத்தான் நம்ப வேண்டும்.

வருடத்துக்கு ஒருமுறை நடத்த வேண்டிய தேர்வு இங்கே 2012, 2013, 2017, 2019, 2022, 2025 என்றுதான் அறிவிக்கப்பட்டது. ஒன்றைத் தவறவிட்டால் வருடக்கணக்கில் போகலாம். பி.எட். இறுதியாண்டில் இருக்கும்போது அறிவிக்கை வந்தால், இறுதியாண்டு மாணவருக்கு அனுமதி உண்டா என்ற வரியைத் தேடிப் பார்த்து அப்போதே எழுதிவிடுங்கள். 2021-க்குப் பிறகு சான்றிதழ் வாழ்நாளுக்கும் செல்லும், பழைய ஏழு வருடக் கெடு இல்லை. பணியில் இருப்பவர்களுக்கும் இப்போது விலக்கு குறைவு: 2025 செப்டம்பர் 1 தீர்ப்பின்படி ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கிறவர்கள் இரண்டு வருடத்துக்குள் பாஸ் செய்ய வேண்டும்.

டெட் பாஸ் என்றால் வேலை என்று வீட்டில் இனிப்பு வாங்கிவிடாதீர்கள். பிளஸ் டூ, டிகிரி, பி.எட்., டெட் மதிப்பெண்களைச் சேர்த்துத் தரவரிசை போட்ட வெயிட்டேஜ் முறை 2018-இல் போய்விட்டது. 149-ஆம் எண் அரசாணைப்படி அடுத்து போட்டித் தேர்வு உண்டு. 2024 பிப்ரவரி 4-இல் நடந்த பட்டதாரி ஆசிரியர் தேர்வில் மேஜர் பாடம் 150 மதிப்பெண், அதற்கு முன் கட்டாயத் தமிழ் 50 மதிப்பெண். தமிழில் 20 எடுக்காவிட்டால் மேஜர் தாளைத் திருத்தவே மாட்டார்கள். பத்தாம் வகுப்புத் தமிழ்தானே என்று கடைசி இரண்டு நாளுக்கு ஒதுக்குவது ஆபத்து. முக்கியமாகத் தமிழை மொழிப்பாடமாக எடுக்காமல் வந்தவர்களுக்கு.

வரிசை எண் 47:

சான்றிதழ் சரிபார்ப்பில் அதிகம் தகராறு பிடிப்பது பி.எஸ்.டி.எம். எனும் தமிழ்வழிச் சான்று. 20 சதவீத முன்னுரிமைக்கு 2020 திருத்தத்துக்குப் பின் ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழி வேண்டும். தொடக்கப் பள்ளி, உயர்நிலை, மேல்நிலை, கல்லூரி, பி.எட். என்று படித்த ஒவ்வொரு இடத்திலும் அறிவிக்கையில் உள்ள படிவத்திலேயே தனித்தனியாக வாங்க வேண்டும். டி.சி.யில் “தமிழ்” என்று இருப்பது போதாது. மூடிவிட்ட தொடக்கப் பள்ளி என்றால் பதிவேடு எந்த அலுவலகத்துக்குப் போனது என்று வட்டாரக் கல்வி அலுவலகத்தில் இப்போதே விசாரியுங்கள். இன்னொன்று, பி.எட்.டை ஆங்கிலவழியில் படித்தால் அதுவரை தமிழில் படித்தும் சங்கிலி அறுந்துவிடும். அந்த முடிவு சேர்க்கை நாளிலேயே எடுக்க வேண்டியது.

இரண்டாவது, தேதி. அறிவிக்கையில் சொன்ன நாளில் தகுதி கையில் இருந்தாக வேண்டும். டிகிரி, பி.எட். தேர்வு எழுதிய நாள் கணக்கில்லை, முடிவு வெளியான நாள்தான் கணக்கு. மூன்றாவது, ரெகுலர் பி.எட்.டும் கரஸில் எம்.ஏ.வும் ஒரே காலத்தில் ஓடியிருந்தால் மதிப்பெண் பட்டியலின் மாதத்தை வைத்தே பிடித்துவிடுவார்கள். பதில் தயாராக இல்லாமல் போகாதீர்கள்.

கரும்பலகை:

கம்ப்யூட்டர் சயின்ஸ் பி.எட். பற்றித் தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டார்கள். டெட்டில் அந்தப் பாடம் இல்லை. அரசுப் பள்ளியில் வழி என்றால் பி.ஜி.யும் பி.எட்.டும் முடித்து கணினிப் பயிற்றுநர் நிலை ஒன்றுக்குப் போவது. 2019-இல் அப்படித்தான் எடுத்தார்கள். முதுநிலை ஆசிரியர் தேர்வுகளுக்கு டெட் வேண்டியதில்லை, பி.ஜி.யில் 50 சதவீதம் வேண்டும். பி.எஸ்சி.யோடு பி.எட். சேரப்போகிறீர்கள் என்றால் எம்.எஸ்சி.யை முதலில் முடித்துக்கொண்டு சேருங்கள்.