உதவி: 1966 கிளாப்டன் ஒலி வரவில்லை, தகரம் கீறுவதுபோல் இருக்கிறது

ரீங்காரம்: லெஸ் பால் கிட்டார், மார்ஷல் ஜேடிஎம்45 வகை ஆம்ப், உச்ச ஒலியைக் கூட்டும் ரேஞ்ச்மாஸ்டர் நகல் பெடல் மூன்றும் கைக்கு வந்துவிட்டன. ஆனாலும் ஜான் மேயாலின் ப்ளூஸ் குழுவில் எரிக் கிளாப்டன் வாசித்த அந்தத் தடித்த ஒலி வரவில்லை. சனிக்கிழமை நிகழ்ச்சி, எதை மாற்றுவது?

ஆறாம் தந்தி: எந்த பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்குறியாக்கும் காந்தச் சுருள்), ஆம்பின் வால்யூம் எவ்வளவு, கிட்டாருக்கும் பெடலுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று எதையுமே சொல்லவில்லையே, நண்பரே?

வால்வுப் பித்தன்: ஆம்பின் பவர் வால்வு (ஒலியைப் பெருக்கும் வெற்றிடக் குழாய்) கேடி66 தானா என்று முதலில் பாருங்கள். வேறு வகையான இஎல்34 போட்டிருந்தால் மற்றதைப் பேசிப் பயனில்லை.

பழைய கம்பி: தம்பி, இந்தக் கேள்வி இங்கே வராத மாதமில்லை. அந்த ஆம்பில் மாஸ்டர் வால்யூம் (சத்தத்தை ஏற்றாமலே ஒலியைத் தடிக்க வைக்க உதவும் குமிழ்) கிடையாது. டெக்கா ஸ்டூடியோவில் அதை அறை அதிர ஏற்றி வைத்துத்தான் வாசித்தார்கள், அப்போதுதான் ஆம்புக்கு நேர்மின்சாரம் தரும் ஜிஇசட்34 ரெக்டிஃபையர் வால்வு தள்ளாடி, சுரம் அமுங்கி எழும். மேலும், கிளாப்டன் ரேஞ்ச்மாஸ்டர் வைத்திருந்தார் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

ஆறாம் தந்தி: சான்று இல்லை என்பதால் பயன்படுத்தவே இல்லை என்றாகிவிடாது, ஐயா. ஐரிஷ் கிட்டார் கலைஞர் ரோரி காலகர் அந்தப் பெடலை வைத்து என்ன செய்தார் என்று கேட்டிருக்கிறீர்களா?

பழைய கம்பி: காலகர் வாசித்தது வாக்ஸ் ஏசி30 ஆம்பில். கேள்வி மார்ஷலைப் பற்றியது.

ரீங்காரம்: மன்னிக்கவும். பிரிட்ஜ் பிக்கப், வால்யூம் 6, முதலில் ட்யூனர், அடுத்து ரேஞ்ச்மாஸ்டர். கேடி66 பற்றி வீட்டுக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

சாலிடர்: ட்யூனர்தான் காரணமாக இருக்க வேண்டும். உங்களுடையதில் பஃபர் (ஒலிக்குறி வலுவிழக்காமல் காக்கும் சுற்று) இருந்தால், அணைத்து வைத்தாலும் அது வேலை செய்துகொண்டே இருக்கும். ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் கொண்ட இந்தப் பெடலின் உள்ளீட்டு மின்தடை மிகக் குறைவு. கிட்டாரை நேராகச் செருகினால் அந்தச் சுமை பிக்கப்பின் மீது ஏறி, உச்ச ஒலியின் கூர்மையை மழுக்கும், நடுவில் பஃபர் நின்றாலோ கூர்மை முழுவதும் உள்ளே போய், அங்கே இன்னும் பெருகி வெளியே வரும். ட்யூனரைப் பெடலுக்குப் பின்னால் போடுங்கள். இன்னொன்று, அசல் பெடலில் இருந்த ஓசி44 டிரான்சிஸ்டர் பிஎன்பி வகை. நகலும் அப்படியே பாசிட்டிவ் கிரவுண்டாக (பேட்டரியின் பாசிட்டிவ் முனை கிரவுண்டில் சேர்வதாக) இருந்தால், மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் மாட்டினால் ஷார்ட் ஆகும். 9 வோல்ட் பேட்டரியே நல்லது.

ரீங்காரம்: ட்யூனரைப் பின்னால் போட்டு, கிட்டார் வால்யூமை 7-க்கு இறக்கினேன்; கீறல் போய்விட்டது. நன்றி.

வால்வுப் பித்தன்: அது சரி, உள்ளே இருப்பது கேடி66 தானா?