ஈஜிஆர் வால்வை அடைத்துவிடலாமா, கழட்டிக் கழுவலாமா?

கரிப்புகை:
வணக்கம். ஈஜிஆர் (எக்ஸாஸ்ட் புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் விடும் அமைப்பு) பற்றி ஒரு சந்தேகம். என் கார் 2014 மாடல், 1.3 லிட்டர் காமன் ரெயில் டீசல், பிஎஸ்4 (மாசு விதி), டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) கிடையாது. 1,38,000 கி.மீ. ஓடியிருக்கிறது. பிக்கப் குறைந்துவிட்டது, மேடு ஏறினால் கறும்புகை. செக் எஞ்சின் லைட் எரிகிறது, ஸ்கேனரில் பி0401 என்ற எரர் கோடு. பிளேட் போட்டு ஈஜிஆரை அடைத்தால் பவரும் மைலேஜும் கூடும் என்று ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். இன்னொரு இடத்தில் புது வால்வு மாற்றச் சொல்கிறார்கள். எது சரி?

ஸ்பேனர்_செட்:
ரெண்டுக்கும் அவசரப்படாதீங்க. பி0401ன்னா ஈஜிஆர் வழியா வர வேண்டிய வாயு போதலைன்னு அர்த்தம். கறும்புகைன்னா டீசலுக்கு ஏத்த காத்து இல்லை. வால்வு திறந்தபடியே சிக்கியிருந்தா புகை வரும், ஆனா 0401 வராது. ரெண்டும் சேர்ந்து வந்தா இன்டேக் மேனிஃபோல்டு (சிலிண்டருக்குக் காத்து போற குழாய்) கரி அப்பிக் குறுகியிருக்கலாம், எம்ஏஎஃப் சென்சார் (உள்ளே போற காத்தை அளக்கிறது) அழுக்காகித் தப்பா அளக்கலாம், இல்லேன்னா இன்டர்கூலர் (டர்போ காத்தை ஆத்துறது) ஹோஸ் கிழிஞ்சிருக்கலாம். ஹோஸ் கிழிஞ்சா எம்ஏஎஃப் அளந்த காத்துல ஒரு பங்கு வழியிலேயே வெளியே போயிடும். ஈசியூவுக்கு (எஞ்சின் கம்ப்யூட்டர்) அது தெரியாது, பழைய கணக்குக்கே டீசலை ஊத்தும். ஹோஸுக்கு அடிப்பக்கம் கை விட்டுப் பாருங்க, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா அங்கே கிழிஞ்சிருக்கலாம்.

அடுத்தது ஸ்கேனர்ல லைவ் டேட்டா. எஞ்சின் சூடானதும் ஐடிலிங்ல ஈஜிஆரைத் திறக்கவும் மூடவும் கட்டளை கொடுத்து எம்ஏஎஃப் அளவைக் கவனிங்க. சிலிண்டருக்கு 312 சி.சி., அதனால மூடியிருக்கும்போது ஒரு ஸ்ட்ரோக்குக்குக் காத்து 300 மி.கி.யை ஒட்டி இருக்கணும். திறந்ததும் நல்லா இறங்கணும், ஏன்னா புதுக்காத்தோட இடத்தைப் புகைவாயு பிடிச்சுக்குது. இறங்கலைன்னா வழி அடைஞ்சிருக்கு. பொசிஷன் சென்சார் கட்டளைப்படி நகருதுன்னா வால்வு மோட்டார் நல்லாத்தான் இருக்கு, புதுசு வாங்க வேண்டாம்.

ரயில்பிரஷர்:
பவர் கூடும் என்பதற்கு ஒரு வார்த்தை. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது ஈசியூ ஈஜிஆரை எப்படியும் மூடிவிடும். ஆகவே நல்ல நிலையில் உள்ள ஈஜிஆரை அடைத்தால் முழு பவரில் மாற்றம் வராது. அடைத்த பிறகு வண்டி பறக்கிறது என்றால், அதற்கு முன் வால்வு மூடாமல் சிக்கியிருந்தது என்றுதான் பொருள். கழுவியிருந்தாலும் அதே பலன் கிடைத்திருக்கும்.

அடைத்தால் மாறுவது நைட்ரஜன் ஆக்சைடு. புகைவாயு கலந்தால் சிலிண்டரில் ஆக்சிஜன் குறைந்து எரிவெப்பம் தணியும். அது இல்லாவிட்டால் வெப்பம் ஏறும், நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்துகொள்ளும். பிஎஸ்4 டீசல் காருக்கு இதன் வரம்பு கிலோமீட்டருக்கு 0.25 கிராம், பிஎஸ்6-ல் 0.08. நம் ஊர் பியூசி (மாசுச் சான்றிதழ்) சோதனை டீசலில் புகையின் அடர்த்தியை மட்டும் பார்ப்பதால் அடைத்த வண்டியும் தேறிவிடும். அதைச் சாக்காகச் சொல்லும் பட்டறைக்காரர்களை நம்பாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத இந்த வாயுதான் நெஞ்சை அரிக்கும், வெயிலில் ஓசோன் உருவாகவும் காரணமாகும். மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இன் கீழ் 10,000 ரூபாய் வரை அபராதமோ 3 மாதம் வரை சிறையோ உண்டு.

கரிப்புகை:
நன்றி. பிளேட்டில் 8 மி.மீ. ஓட்டை போட்டால் லைட் எரியாது என்கிறார்களே? கழட்டிக் கழுவும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஸ்பேனர்_செட்:
ஓட்டை போட்டா எம்ஏஎஃப் கொஞ்சம் இறங்கும், ஈசியூ சில நாள் ஏமாறும். அந்த ஓட்டையில கரி ஏறினதும் திரும்ப 0401தான்.

கழுவுறதுக்கு எஞ்சின் முழுக்க ஆறணும், பேட்டரி நெகட்டிவ்வைக் கழட்டிடுங்க. கூலன்ட் ஹோஸைக் கழட்ட வேண்டியிருந்தா முதல்ல கூலன்டை வடிச்சுக்கோங்க. மோட்டார் மேல்பக்கம் இருக்கிற மாதிரி வால்வைப் பிடிச்சு, கார்பன் கிளீனரைக் கீழேயிருந்து வாய்ப்பக்கம் மட்டும் அடிங்க. மோட்டாருக்குள்ள இறங்கினா வால்வு போச்சு. பத்து நிமிஷம் ஊறவெச்சு நைலான் பிரஷ்ஷால தேயுங்க, கம்பி பிரஷ் சீட்டை (வால்வு மூடி உட்கார்ற இடம்) கீறிடும். காய்ஞ்சதும் மூடின சீட் மேல கொஞ்சம் டீசல் ஊத்துங்க, கடகடன்னு ஒழுகினா வால்வு சரியா உட்காரலை. மேனிஃபோல்டை எஞ்சின் மேலேயே வெச்சுச் சுரண்டவே கூடாது. உதிர்ற கரிக்கட்டி இன்டேக் வால்வுக்கடியில மாட்டும். கழட்டிக் கீழே வெச்சுத்தான் செய்யணும். எம்ஏஎஃப்புக்குத் தனி கிளீனர் இருக்கு, கார்பன் கிளீனரை அதுல அடிக்காதீங்க. கேஸ்கெட் எல்லாம் புதுசு. பூட்டினதும் ஸ்கேனர்ல ஈஜிஆர் அடாப்டேஷன் (வால்வோட திறப்பு-மூடல் நிலையை ஈசியூவுக்குப் புதுசா பழக்குறது) செஞ்சு, பழைய எரர் கோடை அழிச்சிடுங்க.

ரயில்பிரஷர்:
கழட்டும்போது ஈஜிஆர் கூலரையும் (புகைவாயுவைக் கூலன்டால் ஆற்றும் பாகம்) பாருங்கள். வெளியே கசிவில்லாமல் கூலன்ட் குறைந்துவந்தால் ஒரு கூலன்ட் வாயை அடைத்து, மற்றதன் வழியே 1 பார் காற்றேற்றி, வெந்நீரில் அமிழ்த்துங்கள். குமிழி வந்தால் கூலரை மாற்ற வேண்டும். வால்வுப் பக்கம் பிளேட் போட்டாலும் கூலன்ட் எக்ஸாஸ்டுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும்.

இதைப் படிக்கும் பிஎஸ்6 வண்டிக்காரர்களுக்கு: பல கார்களில் ஈஜிஆர் எரர் கோடு இருக்கும்வரை டிபிஎஃப் ரீஜெனரேஷன் (சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்வது) நடக்காது. நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க யூரியா ஊற்றும் வண்டியில் அது கூடிய அளவுக்கு யூரியாவும் செலவாகும். அடைத்து மிச்சம் பிடித்த காசு டிபிஎஃப்பில் போகும்.