தேசாய்க்குச் சுருக்கெழுத்து தெரியுமா, தெரியாதா?

முத்தியால்பேட்டையான்: தலைவரோட செயலாளருக்குச் சுருக்கெழுத்துதான் மூலதனம். காந்திக்கு மகாதேவ தேசாய், கலைஞருக்குச் சண்முகநாதன். ரெண்டு பேருமே சுருக்கெழுத்துப் புலிகள். அது இல்லாம எவனும் தலைவர் பக்கத்துல நிக்க முடியாது.

முதுநகர் குறிப்பேடு: அளந்து விடாதீங்க. சண்முகநாதன் சரி, காவல் துறையில மேடைப்பேச்சைக் குறிப்பெடுத்த தமிழ்ச் சுருக்கெழுத்தர். தேசாய் சட்டம் படிச்சவர். 1917-ல காந்திகிட்ட சேர்ந்ததுலேர்ந்து எழுதினதெல்லாம் நேரெழுத்து, அதாவது சாதாரண முழு எழுத்து.

முத்தியால்பேட்டையான்: நேரெழுத்துல நிமிஷத்துக்கு 30 வார்த்தை தாண்டாது. பேச்சு 100-க்கு மேல ஓடும். அந்தக் கணக்காவது தெரியுமா ஐயாவுக்கு?

முதுநகர் குறிப்பேடு: கணக்கை எனக்கா சொல்றீங்க? மத்திய அரசு ஸ்டெனோ (சுருக்கெழுத்தர்) கிரேடு சி தேர்வுல 10 நிமிஷம், நிமிஷத்துக்கு 100 வார்த்தை. அதை ஆங்கிலத்துல அடிச்சுக் கொடுக்க 40 நிமிஷம். கோடு போட்டதோட வேலை முடியாது. பிட்மன்ங்கற சுருக்கெழுத்து முறையில p, b மாதிரி ஒத்த ஒலிகளுக்கு ஒரே கோடு. அழுத்தினா ஒண்ணு, அழுத்தலைன்னா இன்னொண்ணு. பென்சில் மழுங்கினா மெலிசும் தடிப்பாயிடும். வேகத்துல உயிர்க்குறி போட நேரம் ஏது? பட்டி, பெட்டி, பாட்டி எல்லாம் ஒரே வடிவம். ஆறப்போட்டா எழுதினவனுக்கே புரியாது. நேரெழுத்துக்காரர் பெயர், எண், வினை மூணையும் பிடிச்சுக்கிட்டு அன்னைக்கே விரிச்சு எழுதிடணும். அதுக்குத் தலைவரோட நடை கைவசம் இருக்கணும். காந்தியோட சுயசரிதையைக் குஜராத்தியிலேர்ந்து ஆங்கிலமாக்கினவருக்கு அது இருந்துச்சு. உங்களுக்குப் புரியலைன்னா நான் என்ன பண்ண?

வில்லியனூர் தேர்: செல்வாக்கைப் பத்திப் பேசுங்கப்பா. எந்தக் கடிதம் மேல, எது அடியில, யாரை உள்ள விடறதுங்கறதுலதானே அதிகாரம் இருக்கு? 1946 முதல் நேருகிட்ட உதவியாளரா இருந்த மத்தாய் 1959-ல விலகினது சுருக்கெழுத்தாலயா?

முத்தியால்பேட்டையான்: மத்தாயை விடுங்க. தேசாய்க்குச் சுருக்கெழுத்து தெரியும். 1934 பிப்ரவரி 17 காந்தி புதுச்சேரி வந்தப்போ கூடவே இருந்து குறிப்பெடுத்தவர் அவர்தான்.

முதுநகர் குறிப்பேடு: பிரமாதம்! அப்போ அவர் பெல்காம் சிறையில இருந்தார். சிறையிலேர்ந்து ஒதியஞ்சாலைப் பேச்சைக் கேட்டாரா? பாரதி பூங்கா விவாதத்துலயும் இப்படித்தான் வாயைக் கொடுத்துட்டு ஓடினீங்க.

முத்தியால்பேட்டையான்: நான் எங்கயும் ஓடலை. கடலூர்க்காரருக்குப் புதுச்சேரி வரலாறு எதுக்கு? சனிக்கிழமை பாட்டில் வாங்க வர்றதோட நிறுத்திக்குங்க.

முதுநகர் குறிப்பேடு: பாட்டிலை விடுங்க. 1942 ஆகஸ்ட் 9 கைதானவர், 15-ஆம் தேதி ஆகாகான் மாளிகைக் காவல்லயே இறந்துட்டார். 25 வருஷ நாட்குறிப்பு. அதுல சுருக்கெழுத்துக் கோடு ஒண்ணே ஒண்ணு காட்டுங்க.

வில்லியனூர் தேர்: எரவாடா சிறையில 1932-ல வல்லபாய் பட்டேல் பழைய தாள்ல உறை செய்வார், தேசாய் கடிதம் எழுதுவார். அந்தக் கடிதங்களைப் பத்தி யாராவது...

முத்தியால்பேட்டையான்: குறுக்கே வராதீங்க தேர். 25 வருஷம் பக்கத்துல இருந்தவருக்குச் சுருக்கெழுத்து தெரியாதாம்! நம்பிட்டேன்.

முதுநகர் குறிப்பேடு: கோடு எங்க? கோட்டைக் காட்டுங்க.